ஆஃப் என்று அப்பா சொன்னார்

எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டுக் கட்டையை வைக்க வேண்டும் என்று சாருமதி சொன்னாள். கட்டையையும் வைத்துப் பழத்தையும் வைத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று அம்மா கேட்டாள். சக்கரம் நகரவே கூடாது என்பதற்குக் கட்டை, சக்கரம் ஏறி நசுக்க வேண்டும் என்பதற்குப் பழம், இரண்டையும் ஒரே சக்கரத்துக்கு முன்னால் வைப்பது என்ன நியாயம் என்று சாருமதி திருப்பிக் கேட்டாள். “நாயம் பேசறதுக்கு நாளாப் பாத்த? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது போ புள்ள,” என்று அம்மா பழத்தைக் கட்டைக்கு முன்னால் தள்ளி வைத்தாள். இனி அது நசுங்கப்போவதில்லை. நசுங்காத பழம், நகராத சக்கரம், இரண்டுக்கும் சேர்த்து ஒரு குங்குமப் பொட்டு. கல்லூரி மேடையாக இருந்தால் இந்த ஒன்றை வைத்தே எதிரணியை உட்கார வைத்திருப்பாள். இன்றைக்கு வாய் வறண்டு கிடந்தது. அப்பா கோழிக் கொட்டகைக்குள் கட்டி, பக்கச் சுவரை இடித்து நேற்று வெளியே இழுத்து வந்த விமானம், வாலைத் தென்னை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டியிருக்க, பண்ணை வாசலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, சந்தைக்குக் கொண்டுவந்த மாடு போல. சந்தைக்கு வரும் மாட்டுக்கும் பொட்டு வைப்பார்கள். அம்மா தட்டில் கற்பூரத்தோடு வந்தாள், பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிற இடத்தில் கற்பூரமா என்று சாருமதி கத்தினாள், “பத்த வெக்காம சுத்துனா திருஷ்டி கழியுமாடீ?” என்றாள் அம்மா. கடைசியில் பற்ற வைக்காத கற்பூரத்தையே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, தீயணைக்கும் சிவப்பு உருளை ஒரு கையிலும் தட்டு ஒரு கையிலுமாகக் கொட்டகை நிழலில் போய் நின்றாள். எது வந்தாலும் சமாளிக்கிற ஆள். எது வந்தபோதும் இப்படித்தான் ஓரமாக நின்றாள், அன்றைக்கும்கூட.

அன்றைக்கு என்பதை இப்போது நினைக்கக் கூடாது. இப்போது காத்தாடி மட்டும். விமானத்தின் மூக்கில் இருக்கும் புரொப்பல்லரை அப்பா காத்தாடி என்றுதான் சொல்வார், வீட்டுக் கூரையில் சுற்றுவதையும் அப்படித்தான், மோட்டார் வேலை செய்தே வளர்ந்த மனுஷனுக்குச் சுற்றுவதெல்லாம் காத்தாடி. மெருகேற்றிய மரம், சாருமதியின் தோள் உயரத்தில் குறுக்காக நின்றது, தொட்டால் குழந்தையின் முதுகு போல வழுவழுவென்று இருக்கும். இந்த இஞ்சினுக்குச் செல்ஃப் கிடையாது. ஓர் ஆள் முன்னால் நின்று காத்தாடியைக் கையால் இழுத்துச் சுற்ற வேண்டும், ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து சாவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் சாவி ஆஃபில் இருக்க, நாலைந்து முறை மெல்லச் சுற்றிப் பெட்ரோலை உள்ளே இழுக்க வைப்பது. பிறகு உள்ளே இருப்பவர் ஆன் என்று சொல்ல, ஒரே இழுப்பு, பின்னால் ஒரு தாவல். ஆஃப் என்று சொல்லிச் சாவி ஆனில் இருந்தால், மெல்லச் சுற்றும்போதே இஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் முன்னால் நிற்பவளுக்குக் கை இருக்காது, சில சமயம் தலையும். இவ்வளவுதான் விஷயம். முன்னால் நிற்பவள் சாவியைப் பார்க்க முடியாது. அவளுக்குக் கிடைப்பது ஒரு சொல். “ஆஃப்!” என்றார் அப்பா உள்ளேயிருந்து, சத்தமாக, தெளிவாக, பண்ணை இருந்த நாளில் தீவன லாரிக்கு வழி சொல்வாரே அந்தக் குரலில். சாருமதி கையை உயர்த்தினாள். கை பாதி வழியில் நின்றது.

வியர்வை என்று சொல்லிக்கொண்டாள். உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்தாள். காற்று எழும்புவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும், பல்லடத்துக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள். கண் தானாக இஞ்சின் மூடிக்குப் பின்னால் போனது, அங்கே இரும்புக் குழாய்கள் சந்திக்கும் மூலையில் வெல்டிங் பற்றவைப்பு, மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, ஓர் இடத்தில்கூடப் பிசிறில்லாமல். கதிரவன் வைத்தது. இந்த உடம்பின் எலும்பு மொத்தமும் அவன் வைத்ததுதான். சிங்காநல்லூரில் ஏதோ பட்டறையில் வேலை பார்த்தவனை அப்பாதான் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார், “என்ன கை பாரு கண்ணு, இவன் வெச்ச பத்தவைப்பு மேல உசுரையே வெக்கலாம்,” என்று அவன் எதிரிலேயே சொன்னார், அவன் வெட்கப்பட்டு முகமூடியை இறக்கிக்கொண்டான். உசிரை வைக்கலாம், அதில் அப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது, இன்றைக்கும் கிடையாது, இந்தக் குழாய்களை நம்பி மேலே போகத்தான் போகிறார். பெண்ணை மட்டும் வைக்கக் கூடாது. உசிரைவிடச் சாதி கனமா, எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று நடுவரைப் பார்த்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அன்று நடுவர்களாக உட்கார்ந்தவர்கள் சித்தப்பாமார்கள். இறக்கைத் துணியைத் தைத்தது அக்கா. பூரணி. வளைந்த ஊசியால் இறக்கையின் மரச்சட்டத்தைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு, தையல் மிஷின் வேண்டாம், கையால்தான் தைக்க வேண்டும் என்று அப்பா சொன்னதால் மாதக்கணக்காக. துணிக்கு இந்தப் பக்கம் அவள் ஊசி குத்தினால் அந்தப் பக்கம் நின்று வாங்கித் திருப்பிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கதிரவனை விட்டால் வேறு யார் இருந்தார்கள்? சாருமதி விடுதியில் இருந்தாள், அம்மா விற்பதற்காகக் காலி முட்டை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இறக்கைக்கு இரண்டு பக்கமும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நின்றுகொண்டு ஓர் ஊசியை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, அத்தனையும் கணக்குப் போடுகிற மனுஷனுக்கு? நேற்று அந்த மூக்குக்குப் பக்கத்தில் நீல வண்ணத்தில் பெயர் எழுதியிருக்கிறார். பூரணி. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. எவளை வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லையோ அவள் பெயரை வானத்தில் பறப்பதற்கு வைத்திருக்கிறார். “நல்லா இருக்குதில்ல கண்ணு?” என்று கேட்டார், வண்ணத் தூரிகையைப் பிடித்தபடி. “எழுத்து சாஞ்சிருக்குதுங்கப்பா,” என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. சொற்போரில் கோப்பை வாங்கியவள்.

“என்ன கண்ணு, ஆஃப்னு சொன்னனே. காது கேக்கலயா?” கேட்டது. கேட்டது என்று தலையை ஆட்டினாள். கொட்டகையிலிருந்து பழைய கோழி வாடை வந்தது, மூன்று வருஷமாகக் கோழி இல்லை, ஆனாலும் காலை ஈரத்தில் மண்ணிலிருந்து கிளம்பி வரும். அந்த வாடைக்குள்தான் அந்தப் போன். அப்பா கொட்டகைக்கு நடுவே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், போனை ஸ்பீக்கரில் போட்டு முழங்கால் மேல் வைத்திருந்தார், கதிரவனோடு வீட்டை விட்டுப் போன அக்கா ஓசூரில் அவன் சிநேகிதன் வீட்டிலிருந்து பேசினாள். “நீ வா சாமி. ஆரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. முறையாப் பேசி நானே கட்டி வெக்கறேன்.” அந்தப் பக்கம் ஏதோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு அக்காவின் குரல், சின்னப் பிள்ளையில் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்றால் கேட்பாளே அதே மாதிரி, “நெசமாவாங்கப்பா?” “நான் சொன்னாச் சொன்னதுதான் சாமி,” என்றார் அப்பா. கண் கலங்கியிருந்தது. விடுதியிலிருந்து வந்திருந்த சாருமதி பார்த்தாள், நிஜமாகவே கலங்கியிருந்தது, அதுதான் இன்றுவரை செரிக்காத விஷயம். அக்கா பஸ் ஏறி வந்தாள். வந்த அன்றே உள்ளறைக்குத் தாழ்ப்பாள் வெளியே போட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் எங்கோ ஒரு மலைக்கோயிலில் அத்தை மகனோடு மாலை மாற்றி முடிந்தது. பேசப் போகிறோம் என்று கிளம்பிய சித்தப்பாமார்கள் கதிரவனின் வலது மணிக்கட்டை உடைத்தார்கள், வேண்டுமென்றே அதைத்தான், பற்றவைக்கிற கை என்று தெரிந்து. அம்மா அன்றைக்கும் நிழலில் நின்றாள், கையில் ஆரத்தித் தட்டு. அக்கா இப்போது பெருந்துறையில் இருக்கிறாள், பொங்கலுக்கு வருவாள், உட்காருவாள், சோறு போட்டால் தின்பாள். அப்பாவிடம் அதற்குப் பிறகு ஒரு சொல் பேசியதில்லை. சாருமதியிடமும் “ம்” மட்டும்தான், அந்த “ம்”மில் கதவு சாத்துகிற சத்தம் இருக்கும்.

பொய்தான் சொன்னார் என்றால் சுலபம். பொய்யன் என்று ஒரு பெயர் வைத்துவிட்டு நிம்மதியாக வெறுக்கலாம். ஆனால் கண் கலங்கியதே. சொல்லும்போது நிஜமாகவே கட்டி வைக்க நினைத்தாரோ, அன்று சாயங்காலம் சித்தப்பாமார்கள் வந்து உட்கார்ந்து குலம், கோயில், நாலு பேர் என்று அடுக்கியபோது அவருக்குள் ஏதோ அறுந்து போனதோ? “என்ற கையில என்ன இருக்குது, பெரியவங்க முடிவு பண்ணிப்போட்டாங்க,” என்றார் பிறகு. சுவிட்சிலும் அப்படித்தான். இதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இந்த இஞ்சின் தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், அதை அடக்குவது மட்டும்தான் சாவியின் வேலை. சாவியிலிருந்து இஞ்சினுக்குப் போகிற ஒயர் அறுந்திருந்தால், சாவி ஆஃப் என்றுதான் காட்டும், உள்ளே இருப்பவர் மனசாரத்தான் ஆஃப் என்பார், இஞ்சின் மட்டும் உயிரோடு இருக்கும். “அதனால ஆஃப்னு சொன்னாலும் ஆன்ல இருக்குதுன்னு நெனச்சுத்தான் காத்தாடியத் தொடோணும் சாமி. எதையும் நம்பாத, பாத்துக்க.” ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிவிட்டு மேலே சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார், கோடு நகர்ந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரும்பைக்கூட நம்பாத மனுஷன். சொன்னவர் பொய் சொன்னாரா, ஒயர் அறுந்திருந்ததா என்பதெல்லாம் துண்டாகி மண்ணில் கிடக்கிற கைக்கு எதற்கு? அதுதான் வாதம், அதற்கு மேல் வாதம் கிடையாது. ஆனால் மனசு விடவில்லை, எதிரணிக்கும் அதுவே எழுந்து பேசியது: இதே மனுஷன்தானே காய்ச்சலில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் நடந்தவர், கோழியெல்லாம் நோயில் செத்துப் பண்ணை மூடிய வருஷத்திலும் உன் படிப்பை நிறுத்தாதவர், போன வாரம்கூட மேல்படிப்புக்கு மெட்ராஸ் போகிறேன் என்றபோது தட்டில் கையை வைத்தபடி, “போ கண்ணு. அது முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சு இந்த ஊட்ல வராது,” என்றவர், பிறகு சொன்னாரே, சாப்பாட்டுக் கையாலேயே நெஞ்சைத் தொட்டு, “நான் சொன்னாச் சொன்னதுதான்.” சோற்றுப் பருக்கை ஒன்று சட்டையில் ஒட்டியது. சாருமதி அந்தப் பருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி பெரியத்தை போன் செய்ததும், அம்மா வெளியே போய்ப் பேசிவிட்டு வந்ததும், வந்தவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் கழுவியதும் கல்யாணப் பேச்சாக இல்லாமல் வேறு எதுவாகவும் இருக்கலாம். இருக்கலாம். கைக்கு முன்னால் காத்தாடி. அதன் ஓரம் கூராக இருப்பது இப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாள் வழுவழு என்பது மட்டும்தான் தெரிந்தது.

“சாரூ! வெயில் ஏறுது பாரு. ஆஃப்ல இருக்குதுங்கறேன்.” அப்பாவின் தலை பக்கச் சன்னலில் எட்டிப் பார்த்தது, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டிருந்தார், அவருக்குச் சிரிப்பு வந்தது, “பயமா? கோழி அறுக்கறப்பக் கண்ண மூடிக்குவியே, அதே மாதிரி நிக்கற?” கொட்டகை நிழலிலிருந்து அம்மா, “பயமா இருந்தா வந்துரு புள்ள, பக்கத்துத் தோட்டத்துல ஆரயாச்சும் கூப்புடலாம்,” என்றாள். பயம்தான். காத்தாடி மேல் இல்லை. “நீங்க எறங்குங்கப்பா,” என்றாள் சாருமதி, அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, மேடைக் குரல் இல்லை, அதைவிடத் தாழ்ந்து, மண்ணில் உரசிக்கொண்டு வந்தது. “நான் உள்ள உக்காந்துக்கறேன். நீங்க சுத்துங்க.” “ஏன்? கை எட்டலயா?” “எட்டுது.” “அப்பறம் என்ன?” “எனக்கு நம்பிக்கை இல்லீங்கப்பா.” அவர் புரிந்துகொண்டது போலத் தலையாட்டினார், பாராட்டுகிற தலையாட்டல், நல்ல மாணவிக்கு வாத்தியார் தருவது. “ஒயர் மேல சந்தேகமா? நல்லதுதான், இரு, இன்னொருக்காப் பாத்துடலாம்.” “ஒயரை நான்தான் மாட்டினேன்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போன மாசம் முழுக்கக் கொட்டகைக்குள் மல்லாந்து படுத்து ஒவ்வொரு ஒயரையும் மாட்டியது அவள், நேற்றுச் சாயங்காலம் மீட்டர் வைத்துச் சாவியை ஆனுக்கும் ஆஃபுக்கும் திருப்பித் திருப்பிச் சோதித்தது அவள், பக்கத்தில் டார்ச் பிடித்தது அவர். ஒயர் சரியாக இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். ஒயர் இல்லையென்றால் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவர் முகம் தேடுவதைப் பார்த்தாள், தேடி, கண்டுபிடித்து, அதைத் தொடாமல் விலகுவதையும். சன்னலில் இருந்த தலை உள்ளே போனது. கதவு திறந்தது. ஒரு காலை இறக்கிக் கம்பியைப் பிடித்து மறு காலை இறக்கினார், வயசானவர் போல. அவர் வயசானவர்தான், இதுவரை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அவளைக் கடந்து காத்தாடிக்கு முன்னால் போனார். அம்மா, “என்னங்க, என்னாச்சு?” என்றாள். “ஒண்ணுமில்ல. அவ உக்காரட்டும்.”

இருக்கை அவர் உட்கார்ந்த சூட்டோடு இருந்தது. சாவி ஆஃபில்தான் இருந்தது. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், இந்த முறை, இந்த ஒன்றுக்கு. சாவிமேல் கட்டைவிரலை வைத்தாள். சில்லென்றிருந்தது. முன்கண்ணாடிக்கு அப்பால் இஞ்சின் மூடி, சந்தனப் பொட்டு, அதற்கு அப்பால் காத்தாடிக்குப் பின்னே அப்பாவின் முகமும் தோளும் மட்டும். இந்த விரல் கொஞ்சம் திரும்பினால் போதும் என்று ஓர் எண்ணம், யாரோ காதில் சொன்னது போல, வந்து நின்றது. அதை விரட்டவில்லை, அதைக் கண்டு பயந்தாள், தன் கையைத் தானே பார்த்துப் பயந்தாள், ஓர் ஆளின் உடம்பு இன்னோர் ஆளின் விரலுக்கு அடியில் இருக்கும்போது இப்படித்தான் இருக்குமா, அன்று கயிற்றுக் கட்டிலில் அவருக்கும் இப்படித்தான் இருந்ததா? விரலை எடுத்துவிட்டாள். “ஆஃப்!” என்றாள் சத்தமாக. அப்பா இரண்டு கையையும் உயர்த்தினார். காத்தாடிக்கு ஒரு சாண் முன்னால் கைகள் நின்றன. வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடி உயர்த்தினார். காகம் ஒன்று கொட்டகைக் கூரையில் நடந்தது. இத்தனை வருஷம் எத்தனை மோட்டார், எத்தனை ஒயர், வெறும் விரலால் தொட்டுப் பார்த்துக் கரண்ட் இருக்கிறது என்று சிரிக்கிறவர். அந்த மனுஷனின் கை நின்றது. கண்ணாடியைத் தாண்டி அவளைப் பார்த்தார். “நெசமாவா கண்ணு?” என்றார்.

அக்கா போனில் கேட்ட அதே சொல் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், கேட்ட உடனே. வாய் திறந்தபடியே இருந்தது. சாருமதியின் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது, வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான அந்த மூன்று சொல், நான் சொன்னாச் சொன்னதுதான், துப்பினால் போதும், அவர் நெஞ்சில் போய்த் தைக்கும், இத்தனை நாள் எந்த மேடையிலும் கிடைக்காத வெற்றி. சொல்லவில்லை. அந்தச் சொல் அழுகியிருந்தது, வாயில் வைக்க முடியவில்லை. சாவியை உருவி எடுத்தாள், ஆஃபில் இருந்தால்தான் அது கழன்று வரும். சன்னல் வழியாகக் கையை நீட்டி, அவர் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள். வெயிலில் அது ஒருமுறை மின்னியது. அப்பா பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு காத்தாடியில் கை வைத்தார். மெல்ல ஒரு சுற்று, இஞ்சின் தூக்கத்தில் மூச்சு விடுவது போல் ஒரு சத்தம், இன்னொரு சுற்று, இன்னொன்று. சாவியைத் திரும்பப் போட்டு “ஆன்!” என்றாள். ஒரே இழுப்பு. விமானம் மொத்தமும் சிலிர்த்தது, எலும்பு, துணி, ஊசி, முடிச்சு எல்லாம் சேர்ந்து நடுங்க, இஞ்சின் பிடித்துக்கொண்டது. வாலுக்குப் பின்னால் புழுதி எழுந்தது, இடித்த சுவர் வழியே காற்று கொட்டகைக்குள் புகுந்தது, கம்பி வலையில், ஓட்டு இடுக்கில், மண்ணுக்கு அடியில் எங்கெங்கோ மூன்று வருஷமாக ஒட்டிக் கிடந்த கோழி இறகுகள் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பி மேலே சுழன்றன. கூண்டில் பிறந்து கூண்டில் செத்த கோழிகள். அம்மா தட்டால் முகத்தை மூடிக்கொண்டாள், கற்பூரம் எங்கோ பறந்து போனது. ஆயில் முள் ஏறி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. இந்த ஒரு காலைக்காகத்தானே மூன்று பேரும், அக்காவோடு நான்கு பேரும், கதிரவனோடு ஐந்து பேரும் உழைத்தார்கள். சந்தோஷம் வரும் என்று காத்துப் பார்த்தாள். இருக்கை நடுக்கம் பல் வரைக்கும் ஏறியது, வேறொன்றும் வரவில்லை.

பிறகு சாவியைத் திருப்பி உருவினாள். இஞ்சின் உடனே நின்றது. ஆஃப் என்றால் ஆஃப், நடுவில் சித்தப்பாமார்கள் யாரும் இல்லை. காது இரைச்சலுக்குள் அம்மாவின் குரல், “முடிஞ்சுதா புள்ள? நல்லபடியா முடிஞ்சுதா?” காத்தாடி சாய்வாக நின்றிருந்தது. கட்டைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்பா எதிரில் தள்ளி நின்றார், தலைமுடியில் புழுதி. ஓடி வருவார் என்று நினைத்தாள், இஞ்சினைத் தொட்டுப் பார்ப்பார், எங்காவது எண்ணெய் கசிகிறதா என்று மூடிக்கு அடியில் தலையை விடுவார், அப்படித்தான் அவர். வரவில்லை. காத்தாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்னவென்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சாவி அவள் கையில், மடிக்குக் கீழே, மூடிய விரலுக்குள் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினால் வருவார். இறகுகள் ஒவ்வொன்றாக இறங்கின, இறக்கைத் துணியின் தையல் மேல், பெயரின் மேல், அவர் தோளின் மேல். “சாவியக் காட்டு சாமி,” என்றார், கெஞ்சுகிற மாதிரி. காட்டத்தான் வேண்டும். காட்டுவாள். ஆனால் அன்று போனில் அக்கா கேட்டபோது, தூக்கிக் காட்ட அவர் கையில் எதுவும் இருக்கவில்லையே, ஒரு சொல்தானே இருந்தது. அவள் அதை நம்பித்தானே பஸ் ஏறினாள். இரும்பு உள்ளங்கையில் சூடேறிக்கொண்டிருந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார்.